காலியிடம்

இன்று காலை வாசற்கதவின் கீழே ஒரு நோட்டீஸ் கிடந்தது. மஞ்சள் தாள், அச்சு மை வாசம் இன்னும் போகவில்லை. நம் தெரு நடுவில் வறண்டு கிடக்கிற நீரூற்றை இடித்துவிட்டுப் பூங்கா வைக்கப் போகிறார்களாம். சிமெண்டு யானை, சிமெண்டு மான், யாத்ரீகர்கள் உட்கார நாலு பெஞ்சு. ஊர் முன்னேறுமாம். மூன்றாம் வரியில் அந்தச் சொல் இருந்தது: காலியிடம். படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு உன் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடிதம் வந்து சேராது என்று தெரிந்தும் உனக்குத்தான் எழுதத் தோன்றியது.

பத்து வருஷத்துக்கு முந்தைய நகர முன்னேற்றக் குழுவை நீ மறந்திருக்கமாட்டாய். அதில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்தும், நீ தறியில் உட்கார்ந்தாய், நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதையே பெரிய உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவில் இரண்டு பட்டுக்கடை முதலாளிகள், ஒரு லாட்ஜ்காரர், லாரி வைத்திருந்த ஒருவர். பெரிய பட்டுக்கடைக்காரர்தான் தலைவர். சாமி கும்பிட வருகிற கூட்டம் சேலை வாங்காமல் பஸ் ஏறிவிடுகிறது என்பது அவர்கள் கண்டுபிடித்த நோய். நம் நெசவாளர் தெருவில் நீரூற்று வைத்தால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள், நின்றவர்கள் சேலை வாங்குவார்கள் என்பது மருந்து. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்; அதற்கே குடச்சண்டை. இவர்கள் தண்ணீரை ஆகாயத்தில் பீய்ச்சப் புறப்பட்டார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டிய கதைதான். வடை காபியோடு நாலு கூட்டத்தில் தீர்மானம் போட்டு முடித்தார்கள்.

இடம் பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் என்ஜினீயர் வந்தார். பதினொரு மணிக்கு வந்தார், அதுதான் கேடு. விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை நம் தெருவில் நடக்க வழி இருக்காது. சேலைக்கு நீளவாட்டில் ஓடவேண்டிய அத்தனை இழையையும் பாவாக நீட்டி, மூங்கில் கழிகளின்மேல் விரித்து, கஞ்சி போட்டு, அறுந்ததை முடிந்து, காய்ந்ததும் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுவீர்கள். பதினொரு மணிக்கு அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. இங்கே என்ன நடக்கும் என்று என்ஜினீயர் கேட்டார். ஒன்றும் நடக்காது என்றார் தலைவர். அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் சேலை விற்ற மனிதர், பாவு நீட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் எழுந்திருக்கும்போது தெரு சுருட்டப்பட்டிருக்கும். ஆனால் எனக்குத் தெரியும். அந்தப் புளித்த கஞ்சி வாசத்தில் வளர்ந்தவன் நான். என்ஜினீயருக்குக் குடை பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். சாயங்காலம் 'காலியிடம்' என்று நானே டைப் அடித்தேன், கார்பன் வைத்து மூன்று பிரதி. பிறகு நீங்கள் ஐந்து பேர் வந்து முறையிட்டபோது, அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

திறப்பு விழாவுக்குக் காலை ஏழே முக்கால் நல்ல நேரம் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்திருந்தார். தலைவரும் மாலை போட்ட விருந்தாளியும் நடந்து வந்தார்கள். உன் பாவு வழியை மறித்தது. புதிதாகக் கட்டிய நீரூற்றுத் தொட்டியின் சுவருக்கு மேலே கழிகளை உயர்த்திக் கட்டி, எப்போதும்போல நீட்டியிருந்தாய். பாவைத் தாண்டக்கூடாது என்பது நம் தெருவில் தவழும் குழந்தைக்கும் தெரியும். தலைவரின் டிரைவர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"இன்னாபா இது, வழியில கயிறு கட்டி வெச்சிக்கினு?" என்றார் தலைவர்.

நீ கையைத் துடைக்கவுமில்லை. "கயிறு இல்லீங்க. உங்க கடையில விக்கிறீங்களே, அது."

தெருவே சிரித்தது. தலைவர் என்னைப் பார்த்து, அவிழ்க்கச் சொல் என்றார். நீயும் என்னைப் பார்த்தாய். ஓர் இழை அறுந்திருந்தது. முடிய உனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "சும்மாதான நிக்கிற. இந்த முனையைக் கொஞ்சம் புடிபா" என்றாய். நான் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு தலைவரின் பக்கம் போய் நின்றேன். கயிறு என்று சொன்ன அந்த மூடரைவிட அன்றைக்கு அற்பமாக அங்கே நின்றவன் நான்தான்.

பாவு காய ஒன்பதுக்கு மேல் ஆயிற்று. விருந்தாளி வேறு விழாவுக்குப் போய்விட்டார். ராகுகாலத்தில் ரிப்பன் வெட்டினார்கள். குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு துருத்தண்ணீர் ஒரு முழம் எழும்பித் தலைவரின் வேட்டியில் விழுந்தது. அதுவே முதலும் கடைசியும்.

ஊர் முன்னேறவில்லை, தொட்டி மட்டும் தெரு நடுவிலேயே நின்றுவிட்டது. உயர்த்திக் கட்டிய பாவு தொய்ந்து இழை அறுந்தது. வருஷம் திரும்புவதற்குள் நம் தெருவில் பாதிப்பேர் பாவைச் சுமந்துகொண்டு அடுத்த தெருக்காரர்களிடம் இடம் கேட்டு நின்றார்கள். யாரிடமும் ஒரு பீடிகூடக் கேட்காத நீயும் நின்றாய். அப்படியும் என்னை நீ திட்டவில்லை. எங்கே பார்த்தாலும், "இன்னாபா, காலியா இருக்குறியா?" என்று மட்டும் கேட்பாய். கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், கருட சேவைக் கூட்டத்தில். கடைசியாக ஆஸ்பத்திரியில், உட்கார இடம் தேடிய என்னிடம் கட்டில் ஓரத்தைத் தட்டி, "இங்க காலிதான், உக்காரு" என்றாய். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வருவதற்குள் நீ தூங்கிப்போனாய்.

நோட்டீஸின் அடியில், ஆட்சேபணை இருந்தால் எழுத இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள். குழுவுக்குப் பெயர் புதிது, தலைவர் பழையவரின் மகன். இடம் பார்க்க வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார்களாம். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. தொட்டியை இடித்துவிட்டு அப்படியே விட்டால் போதும், உன் பிள்ளைகள் சொந்த வாசலில் பாவு நீட்டுவார்கள். நீ பிடிக்கச் சொன்ன முனை இந்தப் பத்து வருஷமாக என்னை விடவில்லை. முதல் கோட்டில், ஆறு மணிக்கு வாருங்கள் என்று எழுதினேன். இரண்டாவது கோட்டில், அன்றைக்கே நான் டைப் அடித்திருக்கவேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: இந்த இடம் காலியில்லை.