ஹோல்ராய்டின் வண்டியில் போன ஓட்டு

ஜூலை 3, 1837, திங்கள்

மன்னர் இறந்துவிட்டார், நாடாளுமன்றம் கலையும், ஆகவே தேர்தல். குழப்பமில்லாமல் யோசிப்பதற்காக, எழுத வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என் ஓட்டு யாருடையது? என்னுடையது. பத்து பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஆணுக்குச் சட்டம் கொடுத்தது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.
2. யாருக்குப் போடுவது? ஆலை முதலாளி ஹோல்ராய்டுக்கா? ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் கேட்கும் கிரிம்ஷாவுக்கா?
3. போடாமலே இருந்துவிட முடியுமா? மேடையேறி, எல்லோர் முன்னும் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

மூன்றாவதைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன் என்று படுகிறது.

ஜூலை 5

வீடு ஹோல்ராய்டுக்குச் சொந்தம். முன்னறையில் என் மகள் கெசியா கடை வைத்திருக்கிறாள்: ரொட்டி, மெழுகுவர்த்தி, சில்லறை மருந்துகள். வாங்குகிறவர்கள் எல்லோரும் அவர் ஆலையில் வேலை செய்கிறவர்கள். என்னை நெருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை.

இன்று மாலை தறிக்கார நான்சி பட்டர்வர்த், கைக்குழந்தையுடன் கடைக்கு வந்தாள்.

"வாத்தியாரே, எங்க தெரு முழுக்க சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு ஓட்டு கிடைக்காது. எங்களுக்கும் சேத்துதான் உங்ககிட்ட ஒண்ணு குடுத்து வெச்சிருக்கு. பாத்துப் போடுங்க."

"அது என்னுடையது அம்மா" என்றேன்.

"அப்படியா? ரொட்டி வாங்குற காசு எங்களோடது!"

கடையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

போகும்போது குழந்தைக்கு, அபின் கலந்த தூக்க மருந்து ஒரு புட்டி வாங்கினாள். "விடியறப்ப ஒரு வாய் குடுத்தா, ஆலை விட்டு நான் வர்ற வரைக்கும் அசையாது. தங்கமான புள்ள." கடையில் ரொட்டிக்கு அடுத்தபடி அதிகம் விற்பது அந்த மருந்துதான்.

ஜூலை 11

ஹோல்ராய்டின் காரியஸ்தர் விட்டேகர் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதலாளி உங்களப் பத்தி மரியாதையா பேசினாரு ஐயா. லத்தீன் படிச்சவரு, கூட்டத்துக்கு மயங்க மாட்டாருன்னு. கூரை ஒழுகுதாமே? தேர்தல் முடியட்டும், பாத்துடலாம்."

கடைசி வாக்கியத்தை அவர் அழுத்திச் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

ஜூலை 12

கூரை ஒழுகுகிறது.

ஜூலை 18

இரண்டாவது கேள்வியை இருபுறமும் எழுதிப் பார்த்தேன். வேலை நேரத்தைக் குறைத்தால் கூலி குறையும், ஆலை வேறு ஊருக்குப் போகும், வயதுவந்தவர்களின் ஒப்பந்தத்தில் சட்டம் எதற்கு நுழைய வேண்டும் — நன்றாகவே வாதாடினேன். மறுபக்கத்துக்கும் அவ்வளவே நன்றாக வாதாடினேன். பள்ளியில் பையன்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தேன். முடிவெடுக்க யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே மூன்றாவது. வாக்குப்பதிவு அன்று எனக்கு உடம்பு சரியிருக்காது. யாருக்கும் கோபம் வராது. கெசியாவிடம் சொன்னேன்.

"படுத்துக்கிட்டா விட்டுடுவாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 26, புதன்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையிலேயே படுத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். விட்டேகர். "உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டதும் முதலாளி சொந்த வண்டியவே அனுப்பிட்டாரு. மெத்தை போட்டிருக்கு ஐயா. நீங்க ஒரு அடி கூட நடக்க வேண்டாம்."

எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் பொய்யன் ஆவேன். சொல்லாவிட்டால் — சொல்லவில்லை. இரண்டு ஆட்கள் கம்பளியோடு தூக்கி என்னை வண்டியில் வைத்தார்கள். குதிரைகளின் தலையில் ஹோல்ராய்டின் நீல நாடா.

தனக்காக ஆரவாரம் செய்யட்டும் என்று ஆலைக்கு அவர் விடுமுறை விட்டிருந்தார். ஆரவாரம் வேறு மாதிரி இருந்தது. "ஏய், பல்லக்கு வருது பாரு!" "வாத்தியாருக்குக் கல்யாணம்டி! பொண்ணு யாரு? ஹோல்ராய்டா?" முட்டைக்கோஸ் தண்டு ஒன்று கம்பளியில் விழுந்தது. எல்லாம் கெசியாவின் கடைக்கு வரும் முகங்கள்.

மேடையில் ஏற்றினார்கள். விட்டேகர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். "ஜொசையா ஆர்மராட், யாருக்கு?" என்று எழுத்தர் கேட்டார்.

ஹோல்ராய்டு என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மை அதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கீழே நான்சியைப் பார்த்தேன். வாயைத் திறந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளில். தாரை, தப்பட்டை, அத்தனை பேரின் கூச்சல், அதன் காதருகில் தாயின் கத்தல் — குழந்தை விழிக்கவில்லை. தலை மட்டும் அவள் கை வீச்சுக்கு ஏற்றபடி ஆடியது. விடுமுறை நாளில்கூட. மருந்தில்லாமல் அதற்கு இருக்க முடியாது போல.

"கிரிம்ஷா" என்றேன்.

"என்ன?"

மறுபடி சொன்னேன். எழுத்தர் எழுதிக்கொண்டார். விட்டேகர் என் முழங்கையை விட்டார்; தொப்பியைப் போட்டுக்கொண்டார். கீழே யார் காதிலும் விழவில்லை. என் குரல் அப்படி. கூச்சல் நிற்கவே இல்லை.

நடந்து வீடு திரும்பினேன்.

ஜூலை 27

ஹோல்ராய்டு வென்றார்.

நேற்று நடந்ததைக் கெசியாவிடம் சொன்னேன். அவள் கடைக்கு வந்த ஒருத்தியிடம் சொன்னாளாம். "ஹோல்ராய்டு மெத்தையில படுத்துக்கிட்டுப் போயி கிரிம்ஷாவுக்குப் போட்டாரா? கதை விடாதடி!" என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டாளாம்.

ஆகஸ்ட் 5

பெண்கள் பாலத்துக்கு அப்பால் இருக்கும் கடைக்குப் போகிறார்கள். ஆலை விட்டுக் களைத்து வருகிறவர்கள், அவ்வளவு தூரம் நடக்கிறார்கள். ரொட்டி காய்ந்து கிடக்கிறது. நாங்கள் அதையே சாப்பிடுகிறோம். கெசியா அதை வெந்நீரில் நனைத்து என் தட்டில் வைக்கிறாள். திட்டித் தொலைத்தால் தேவலை.

ஆகஸ்ட் 6

தேவாலயத்தில், எங்களைக் கண்டதும் நான்சி இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 19

விட்டேகர் வந்தார். உட்காரவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூரை பழுதாம், ஆபத்தாம்.

செப்டம்பர் 28

கைவண்டியில் சாமான்களை ஏற்றினோம். ஆலை மணி அடித்து, எதிரே கூட்டமாக வந்தார்கள். ஏதாவது எறிவார்கள் என்று குனிந்துகொண்டேன். எறியவில்லை, நின்றுவிட்டார்கள்.

நான்சிதான் முன்னால் வந்தாள். "என்ன இது? யாரு உங்கள வெளிய போகச் சொன்னது?"

"ஹோல்ராய்டு" என்றாள் கெசியா.

"அவன் ஆளையே அவன் எதுக்குத் துரத்துறான்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே விளங்கியது. முகம் மாறியது. என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏன்யா, மனுஷனா நீ? சத்தமா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு கடையவே காயப்போட்டோமே... பாவி!"

"சொன்னபோது சத்தமாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன்" என்றேன்.

அவள் கைவண்டியின் ஒரு பிடியைப் பிடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 9

நான்சியின் தெருவில், தரைக்குக் கீழே ஓர் அறை. சுவரில் ஈரம். கெசியாவுக்குக் கடை இல்லை; ஆலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். விற்காமல் மிஞ்சிய தூக்க மருந்துப் புட்டிகளைச் சாக்கடையில் கொட்டினாள். நான்சியின் குழந்தைக்கு மட்டும் ஒரு புட்டியை வைத்துக்கொண்டு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க நினைத்தோம், அது ஒத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதும் என் மடியில் கிடந்து கத்துகிறது. என்னைவிடக் குரல் பெரிது. பிழைக்குமா என்று தெரியவில்லை. ஆலையில் வேலை நேரம் குறையவில்லை.

இந்த அறையின் மதிப்புக்கு ஓட்டு கிடையாது. அடுத்த தேர்தலில் நானும் கீழேதான் நிற்பேன்.

ஜூலையில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். முதல் கேள்விக்கு 'என்னுடையது' என்று எழுதியது தவறு. விவாதத்துக்கு இடமில்லை என்று வேறு எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடித்துவிட்டேன்.