குருவி மூச்சு

லஸ் முனையில் இன்று காலை சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பழைய டியூபின் ரப்பர் வாசனை. உடனே நீ.

நம் கறுப்புப் பையின் வாசனை அது. மயக்க மருந்துத் துறையில் படித்தபோது இருவரும் முறை வைத்துப் பிடித்த பை. அழுத்தினால் நோயாளிக்கு மூச்சு. அன்று அது என் கையில். நீ மேசையில் படுத்திருந்த பெண்ணின் நெற்றிப் பொட்டில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாய்.

தி. நகர்ப் பெண். மணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. வயிற்றில் வாயுவை நிரப்பி, தொப்புளருகே குழாய் நுழைத்து உள்ளே பார்ப்பது அப்போது நமக்குப் புதிது.

"எழுந்துடுவேன்ல டாக்டர்?" என்றாள்.

"எழுப்பாம வுட்டுட்டு நாங்க எங்கம்மா போவப் போறோம்?" என்றாய். சிரித்தபடியே மயங்கினாள்.

வயிறு உப்பியது. மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். பை கல்லாயிற்று. நான் இன்னும் பலமாக அழுத்தினேன்.

"இன்னாடா, லாரி டயருக்குக் காத்து அடிக்கிறியா?"

சொன்ன வாயோடு உன் முகம் மாறியது. நாடி தடுமாறியது.

"வயித்துக் காத்த வெளிய வுடுங்க சார்," என்றாய் சர்ஜனிடம்.

"இப்பத்தான்யா கருக்குழாய் தெரியுது. ரெண்டு நிமிஷம்," என்றார் சர்ஜன்.

"வயிறு உங்களுது சார், நெஞ்சு எங்களுது. வுடுங்க."

விட்டார். மேசையை மட்டமாக்கினார்கள். என் கைமேல் உன் கை. சின்னச் சின்னதாய், வேகமாய். "குருவி மூச்சுடா," என்றாய். நாடி திரும்பியது. பிறகு பாதி வாயுவிலேயே அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

திரைத்துணிக்கு அந்தப் பக்கம் நின்ற சர்ஜனுக்குப் பையில் இருந்தது யார் கை என்று தெரியாது. "எவன்யா அப்படி அழுத்தினது?"

"நான்தான் சார்," என்றாய் நீ.

நான் முகத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அவிழ்த்தேன்.

"ஏன்டா?" என்று வெளியே வந்து நான் கேட்டதற்கு, "என்னுது திட்டு வாங்கிப் பழகின காதுடா," என்றாய்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம். உன் காரியத்துக்கு வந்த சர்ஜன் என்னிடம் சொன்னார்: "நல்ல பையன். பையை மட்டும் முரட்டுத்தனமா பிடிப்பான்."

அழுத்தியது நான் என்று அங்கேயும் சொல்லவில்லை.

இன்று கடைக்காரர், "போதுமா சார்?" என்றார். டயரை அழுத்திப் பார்த்தேன். கல். கொஞ்சம் இறக்கச் சொன்னேன். பிறகு அடையாறில் இருக்கும் சர்ஜன் வீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பினேன்.

வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். சின்னச் சின்னதாய் மூச்சு எடுத்தேன், நீ காட்டியபடி.

அழைப்பு மணியை அழுத்தினேன்.