எல்லாம் என் கையெழுத்தில்

கார்த்திகை 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். எங்கள் ஊர் கப்பல்துறையில் பஸ் நிற்காமல் போய்விட்டது. அப்பா தன் ஓட்டோவில் வளாகத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

பேராசிரியர் கூப்பிட்டார். நான்கு வருடம் அவரிடம் பொறியியல் படித்து, இப்போது அவருடைய பாடத்துக்கே தற்காலிகச் செய்முறை ஆசிரியை. இன்னும் அவர் அறைக்குள் போனால் நின்றபடிதான்.

"புதன்கிழமை பிள்ளையளிட்ட என்ர படிப்பித்தலைப் பற்றிக் கருத்து எடும். நான் அந்த நேரம் வகுப்பில இருக்கமாட்டன்."

"ஓம் சேர்." அவ்வளவுதான் பேசினேன்.

அவர் மேசையில் என் வேலை நீடிப்புக் கடிதம். அவர் ஒப்பமிட்டால் இன்னும் ஆறு மாதம். இல்லையென்றால் இம்மாதத்தோடு சரி.

அம்மா: "சேரிட்ட அடக்கமாய் இரு பிள்ளை." இதைவிட எப்படி அடங்குவது?

வாங்க: நீலப் பேனை, சவர்க்காரம், அம்மாவின் மருந்து. குடைக்கம்பி திருத்த.

புதன்

மழை விட்டது. புழுக்கம். பஸ் நிலையத்தில் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று என் சோற்றுப் பார்சலை மோந்து பார்த்தது.

வகுப்பில் கடதாசி கொடுத்தேன். ஒருவரும் எழுதவில்லை. பெயர் போடத் தேவையில்லை என்றேன். கிண்ணியாவிலிருந்து வரும் ரிஸ்வான் சிரித்தான்.

"பேர் எதுக்கு மிஸ்? எங்கட பயிற்சியெல்லாம் சேர்தானே திருத்துற. என்ட எழுத்து கோழி கிண்டின மாதிரி. எங்க கண்டாலும் பிடிச்சிருவார்."

தர்சினி எழும்பினாள். "நாங்கள் சொல்லுறம், நீங்கள் எழுதுங்கோ மிஸ்."

நல்ல யோசனையாகத் தெரிந்தது. எழுதினேன்.

நேரம் தவறமாட்டார். கேள்வி கேட்டால் கோபிப்பதில்லை, ஆனால் கேட்க இடைவெளி விடுவதில்லை. பலகையைப் பார்த்தே பேசுகிறார். பீம் வளையும் கணக்கில் கூட்டல் கழித்தல் குறி ஏன் மாறுகிறது என்று சொல்ல முன்னரே அழித்துவிடுகிறார்.

சிங்களப் பையன் சமிந்த தன் தமிழில்: "இங்கிலிஷ் பிரச்சின இல்ல மிஸ். ஸ்பீட்! கொழும்பு பஸ் மாதிரி."

எல்லோரும் சிரிப்பு. நானும்.

பிறகு தர்சினி: "செய்முறையில மிஸ் ஆறுதலாச் சொன்னாப் பிறகுதான் எங்களுக்கு விளங்குது. அதையும் போடுங்கோ."

"அது வேண்டாம்."

"ஏன் மிஸ்? எங்கட கருத்துத்தானே?"

"வெட்கப்படாம எழுதுங்க மிஸ்!" ரிஸ்வான்.

எழுதினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. செய்முறைத் தாள்கள் எல்லாம் நான் கையால் எழுதிக் கொடுப்பவை. சேருக்கு என் எழுத்து நன்றாகத் தெரியும். அவரைக் குறை சொல்லி, என்னை நானே புகழ்ந்து, எல்லாம் என் கையெழுத்தில்.

வியாழன்

அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வேறு தாளில் எழுதத் தொடங்கினேன். பாதியில் தர்சினியின் முகம். கிழித்தேன். முதல் தாளையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சேர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உம்மட எழுத்தெல்லே?"

"ஓம் சேர். பிள்ளையள் சொல்லச் சொல்ல எழுதினனான்."

"எல்லாம் அவையள் சொன்னதோ?"

"ஓம்."

"நீரும் என்னட்டத்தானே படிச்சனீர். உமக்கு எப்பிடி?"

மின்விசிறி. வெளியே யாரோ மோட்டார்சைக்கிள் உதைக்கும் சத்தம், கிளம்பவேயில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் சேர்."

என் குரல்தான். அவர் தாளை மடித்துக் கடிதத்தின் மேல் வைத்தார். "சரி, போம்."

இரவு கீரி மீன் பொரியல். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளி

நல்ல வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது. கடிதத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

ஓட்டோவில் அப்பா: "சேர் சைன் வைச்சிட்டாரோ?"

"இல்லை."

"என்ன செய்தனீ?"

"ஒண்டும் செய்யேல்லை. கேட்டதுக்குப் பதில் சொன்னனான்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதைத்தான் கேக்கிறன்."

திங்கள்

மறுபடி மழை. செருப்பு முழுக்கச் சேறு. சேர் வாசலில் நிறுத்தினார்.

"லெக்சருக்கு வந்து முன்னுக்கு இரும். நான் ஓடுறன் எண்டு தெரிஞ்சாக் கையைத் தூக்கும்."

"நானோ சேர்?"

"வேற ஆர்?"

கோபமா, இல்லையா, முகத்தில் தெரியவில்லை. கொப்பியோடு போய் முன் வரிசையில் இருந்தேன்.

முதல் கொஞ்ச நேரம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினார். பிறகு மறந்துவிட்டார். பலகை நிறைந்தது, அழித்தார், மறுபடி நிறைந்தது. பின்னாலிருந்து ரிஸ்வான் மெல்ல, "மிஸ், தூக்குங்க."

படித்த காலத்தில் ஒரு நாளும் தூக்கியதில்லை. கடிதம் இன்னும் ஒப்பமில்லாமல் அந்த மேசையில்தான்.

தூக்கினேன். அவருக்கு எப்படித் தெரியும்? முதுகு எங்கள் பக்கம். கை வலிக்கத் தொடங்கியது. வகுப்பு முழுக்க என்னையே பார்க்கிறது.

"சேர், நில்லுங்கோ. விளங்கேல்லை."