பொறி இறக்கிய நாள்

கேப் பிரெட்டன்
ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி ஃபின்லே,

ஆல்பர்ட்டாவில் குளிர் குறைந்ததா? போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெறுங்காலோடு பனியில் இறங்கிப் போய்விட்டார். வார்டில் பாதிக் கட்டில்களில் அவரைப்போல நினைவு தப்பியவர்கள்தான். இடுப்பு முறிந்து வந்தவர்கள் வராந்தாவில் கிடக்கிறார்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்க வருஷக்கணக்காகுமாம். ஆஸ்பத்திரியில் விடப்பட்டவர்களுக்குத்தான் முதலில் தருவார்களாம். நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாள்: “கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொல்லிடுங்க. அதுக்குமேல வாயத் திறக்காதீங்க.”

கட்டிலருகே நின்று அதையே சொன்னேன். அப்பா நர்ஸிடம், “அந்தம்மா களைச்சுப்போயிருக்கு, ஒரு டீ குடுங்க” என்றார்.

இடம் வரும்வரை அங்கேயே இருக்கட்டும். கோபப்படாதே.

அன்புடன்,
இஷ்பெல்

ஆல்பர்ட்டா, சுரங்க முகாம்
மே 24

அன்புள்ள அக்கா,

லீவில் ஊருக்கு வந்து திரும்பியபோது என்னை வழியனுப்பக்கூட நீ வரவில்லை. போகட்டும்.

சிங்கி இறால் பொறி இறக்கும் நாளில் அப்பா துறையில் இல்லாத வருஷம் உண்டா? அதனால்தான் உன்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போனேன். கயிற்றைக் கையில் கொடுத்ததும் தானாக முடிச்சுப் போட்டார். “இன்னும் உசிரோடதான் இருக்கியா கிழவா?” என்று எவனோ கேட்டான். “உன் படகுக்கு நான் தேவலடா” என்றார். கரையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இரவு நம் வீட்டிலேயே தூங்கவைத்தேன். ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் ‘பார்த்துக்கொள்ள ஆளிருக்கிறது’ என்று முடிவுகட்டிக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கென்ன தெரியும்? மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கூட்டிப் போக மாட்டேன் என்று அதையே சொல்லிவிடு. உனக்கு அது வருகிறதே.

உன் தம்பி,
ஃபின்லே

கேப் பிரெட்டன்
ஜூன் 12

ஃபின்லே,

நீ சொன்னபடி போனேன். கட்டில் இல்லை, வராந்தாவிலும் இடமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இல்லத்தின் வரிசையிலும் இனிக் கடைசியிலிருந்துதான்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். நீ துறைக்கு அழைத்துப் போனதிலிருந்து தினமும் விடியுமுன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு படகுக்குக் கிளம்புகிறார். குறுக்கே நின்றதற்குத் தள்ளிவிட்டார். என் வலது மணிக்கட்டு முறிந்தது. இது இடதுகை எழுத்து, பொறுத்துக்கொள்.

அவர் சிரித்தார் என்பதை நம்புகிறேன்.

ஜூலை முதல் வியாழக்கிழமை அவரை விமானத்தில் அழைத்து வருகிறேன். முகாமில் குடும்பத்தாரை விடமாட்டார்கள் என்பாய். அதற்குள் ஒரு வீடு பார். உன்னிடம் விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவேன்.

முடியாதென்றால் போன் செய்யாதே, எழுதாதே. அவர் பக்கத்தில் நின்று சொல்.

இஷ்பெல்