இடது தோளுக்குச் செய்த துவக்கு

சென்ட் லோரன்ட், மொன்றியல்
12.10.1994

அன்புள்ள அருமைநாதன் தம்பிக்கு,

மனுசி றோஸ்மேரி சுகம். பழஞ்சாமான் கடையும் சுகம். எனக்கு மட்டும் அவ்வளவு சுகமில்லை, காரணம் நீர்தான்.

நீர் வந்து போனதிலிருந்து கடைக்கு வாற சனமெல்லாம் உம்மைத்தான் விசாரிக்குது. அந்த 1884ஆம் ஆண்டு லண்டன் இரட்டைக்குழல் ரைபிளை புவாண்ட்-கிளேரில் ஒரு வீட்டுப் பழஞ்சாமானோடு தேடி வாங்கினது நான். மூன்று வருசம் எண்ணெய் போட்டுத் துடைத்தது நான். என் தோளில் வைத்தால் குறி ஒருநாளும் கண்ணுக்கு நேரே வந்ததில்லை. பழைய துவக்கு, அப்பிடித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நீர் ஒருக்கால் இடது தோளில் வைத்தீர். "அண்ணை, இது இடக்கைக்காரனுக்குச் செய்தது. தோளில முட்டுற மரம் சாய்ஞ்சிருக்கிற பக்கத்தைப் பாருங்கோ" என்றீர். றோஸ்மேரி, "தம்பிக்கெண்டே தைச்ச சட்டை மாதிரி" என்று சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

விலைக்குக் கேட்டிருக்கிறீர். கேட்டது பிழையில்லை. தர மாட்டேன்.

எமிலியானுஸ்


ஸ்காபரோ, ரொறன்ரோ
24.10.1994

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன். பர்மிங்காமில் எட்டு வருசம் துவக்குக்கு மரம் செதுக்கினவன் நான். அது தெரியாவிட்டால்தான் வெட்கம். அந்தக் காலத்தில் வாங்கிற ஆளைக் கூப்பிட்டு, தோள், கழுத்து, கன்னம் எல்லாம் அளந்துதான் மரம் வெட்டினவை. இடக்கைப் பழக்கம் எனக்கிருப்பது என் கெட்டித்தனமா, அண்ணை?

தர மனமில்லையென்றால் வேண்டாம். ஒன்று மட்டும்: மரத்தில் ஒருத்தரையும் கைவைக்க விடாதேங்கோ. வருசத்துக்கு ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போறன்.

றோஸ்மேரி அக்காவுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி
அருமைநாதன்


சென்ட் லோரன்ட்
9.1.1995

தம்பி,

கைவைக்க விடாதேங்கோ என்று நீர் எழுதினதால்தான் கைவைத்தேன். என் துவக்குக்கு உம்முடைய கட்டளையா என்று வந்துவிட்டது.

டோர்வலில் கதிரை, மேசை திருத்துகிற ஒரு பிரெஞ்சுக்காரனிடம் கொண்டுபோய், வலது பக்கம் வளைத்துத் தா என்றேன். "பா த ப்ரொப்ளேம்", பிரச்சினையில்லை என்றான். மரத்துக்குக் கொதிநீராவி பிடித்து, வளைய இறுக்கினான். கை பிடிக்கிற ஒடுங்கின இடத்தில் மரம் டப்பென்று வெடித்துப் பிளந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வியாபாரிதான் நான், ஆனாலும் உம்மிடம் பொய் சொல்லமாட்டேன். அந்தச் சத்தம் கேட்டதும் முதலில் வந்தது சந்தோசம். இனி அருமைநாதனுக்கும் இது பொருந்தாது என்ற சந்தோசம். கவலை பேந்துதான் வந்தது. வீட்டுக்கு வந்து றோஸ்மேரியிடம் சொன்னேன். அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

துவக்கை நீரே எடுத்துக்கொள்ளும். விலை வேண்டாம். வந்து உமது தோளுக்கே ஒரு மரம் வெட்டிப்போடும்.

எமிலியானுஸ்


ஸ்காபரோ
30.1.1995

அண்ணைக்கு,

மரம் வெடித்தது பெரிய காரியமில்லை. குழலும் விசைப்பூட்டும் பழுதில்லாமல் இருந்தால் புது மரம் போடலாம். வெடித்ததை ஒட்டவேண்டாம்.

அந்தச் சந்தோசத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். கைதவறி வெடித்தது என்று எழுதியிருந்தால் நான் நம்பி, அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பன்.

துவக்கு எனக்கு வேண்டாம். வலது தோளுக்கு என்னென்ன அளவு எடுக்க வேண்டும் என்று படம் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன். எந்த நல்ல மரவேலைக்காரனுக்கும் அது விளங்கும். உங்கள் தோள் அளவை அக்காவைக்கொண்டு எடுப்பியுங்கோ.

அ. அருமைநாதன்