தண்ணீருக்குள் அறுத்த மொட்டு

கையில் அந்த வாடை இன்னும் போகவில்லை, தங்கச்சி. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய்த் தோலாலும் தேய்த்தேன். அழுகின மானெல் அல்லித் தண்டும் தொட்டிச் சேறும் சேர்ந்த வாடை. நீ இருந்தபோது சோற்றுக்கு உட்காரும் நேரம், "கையை மோந்து பாத்துட்டு உக்காருண்ணே, மீன் கறின்னு நினைச்சு உன் விரலக் கடிச்சிரப் போறேன்" என்பாய். இன்றைக்கு மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சோறு அப்படியே ஆறிக் கிடக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், நீ ராத்தா என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டு அம்மாதான். செத்துப்போனவளுக்கு என்ன கடிதம் என்று அவர் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் கல்யாணம் கட்டாதவன். நீ கட்டிப் போய், புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவள். வரும்போது நீ கொண்டுவந்தது ஒரு துணிப் பெட்டியும், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கிழங்கும். நாவுலப் பக்கம் ஏதோ ஒரு குளத்தில் இறங்கி எடுத்த நீல மானெல். சாக்கிலிருந்து பஸ்ஸெல்லாம் தண்ணீர் ஒழுகி, இதுக்கும் சேர்த்து டிக்கட் எடுங்க அக்கே என்று கொண்டக்டர் பொடியன் சிங்களத்தில் சொன்னானாம். மாத்தளை வரைக்கும் இது என் மடியில்தான் வருகிறது, மடிப் பிள்ளைக்கு எங்கே டிக்கட் இருக்கிறது என்று நீ கேட்டாயாம். வாசலில் நின்றுகொண்டே சொல்லிச் சிரித்தாய். புருஷன் செத்து மாதம் ஆகவில்லை, சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன?

அந்தக் கிழங்கு ஒன்றிலிருந்து தொடங்கி வாசலெல்லாம் தொட்டியாக்கிவிட்டாய். சீமெந்துத் தொட்டி, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் பீப்பாய், யாரோ வீசின குளியல் தொட்டி. வெள்ளிக்கிழமைப் பூ கோயிலுக்கு. போயா பௌர்ணமிக்குச் சிங்களப் பெண்கள் வந்து பன்சலையில் புத்தருக்கு வைக்க வாங்கிப் போவார்கள். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கச் சொன்னபோது, எங்கள் தொட்டி மீன்களுக்குத் தின்னப் புழு போதவில்லை மாத்தயா, உங்கள் ஒபிஸில் இருந்தால் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள் என்றாய். மனுஷன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இலை அடைத்துக்கொள்ளாமல் இருந்தால்தான் மீன் மேலே வரும். "பாதித் தண்ணி வானத்தப் பாக்கணும்" என்பாய்.

பிறகு உன் விரல்கள் முடக்குவாதத்தில் வளைந்துபோயின, கத்தி பிடிக்காது. எனக்குக் கண்ணின் ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் புகை. பழுத்த இலைகளை நீ பார்த்தாய், நான் அறுத்தேன். கதிரையில் உட்கார்ந்து, உள்பக்கம், இன்னும் தள்ளி, அதுக்குப் பக்கத்து இலை என்று சொல்லிக்கொண்டு வருவாய். என் விரல் இலையைப் பிடித்து, தண்டு வழியாகக் கிழங்கு தட்டுப்படும் வரை இறங்கும். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் கிழங்கே கையோடு வந்துவிடும். அடியில் கத்தியை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நீ "ம்" என்றால் அறுக்கலாம். "ம்ஹும்" என்றால் விட்டுவிட வேண்டும்.

பூத்தண்டு விஷயத்தில் மட்டும் நீ என்னை நம்பவே மாட்டாய். பூத்து முடிந்ததும் கூம்பிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். பூக்கப் போகிறதும் கூம்பிக்கொண்டு தண்ணீருக்குள்தான் இருக்கும். இரத்தத்தில் சீனி கூடின வருத்தத்தில் மரத்துப்போன என் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். "பூத்தண்டுன்னா என்னக் கேக்காமத் தொடாத. தண்ணிக்கு மேல தலை காட்டாத மொட்ட அறுத்தா, அப்புறம் அது விரியவே விரியாது."

அன்றைக்குக் காலையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். வெயில் முதுகில் சுட்டது. கடைசித் தொட்டி, உன் நாவுல மானெல். ஒரு பூத்தண்டைப் பிடித்து அடிவரை இறங்கி, கத்தியை வைத்துக்கொண்டு இருந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மீன் வந்து என் மணிக்கட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. என்னா, தூக்கமா என்றேன். அதற்கும் சத்தம் இல்லை. உடுப்புக் காயப்போட வந்த ராத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் அப்போதும் தண்டை விடவில்லை. அறுக்கவும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு மற்றத் தொட்டிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். உன் நாவுல மானெலை மட்டும் கொடுக்கவில்லை. அது அதற்குப் பிறகு பூக்கவே இல்லை. இலையும் சிறுத்துவிட்டது. இந்த வயதில் நான் சாமியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை, தங்கச்சி. அதில் ஒரு பூ, உன் படத்துக்கு வைக்க.

நான் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேனே அண்ணே என்று ராத்தா எத்தனையோ தரம் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கதிரையிலிருந்து இன்னொருவர் "ம்" என்பதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. இதை எழுதும்போது ராத்தாவின் பேனா கொஞ்சம் நின்றது. கோபமா என்றேன். இல்லை என்றார்.

இன்று காலையில் தண்ணீர் நாறியது. கையை விட்டுப் பார்த்தேன், வழுவழுத்துப்போன இலைகள். ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசியில் ஒரு பூத்தண்டு தட்டுப்பட்டது. அன்றைக்கு நான் பிடித்தபடி விட்டது இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று நினைத்தேன். அது எப்போதோ கரைந்து சேறாகியிருக்கும், அது எனக்குத் தெரியாமலா? ஆனால் கை அதைத்தான் நினைத்தது. அடிவரை இறங்கி, கத்தியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் இருந்தேன். பிறகு, இதையாவது முடித்துவிடலாம் என்று அறுத்தேன்.

அறுத்ததையெல்லாம் மதில் ஓரமாக வைத்தேன். ராத்தா வந்தார், குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றார். மறுபடி கேட்டேன்.

"மொட்டு அண்ணே. பச்சைக்கு நடுவுல நீலம் தெரியுது."

தேத்தண்ணீர் கிளாஸில் தண்ணீர் ஊற்றி உன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். விரிந்ததா, விரிந்ததா என்று ராத்தாவைக் கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதை விட்டுவிட்டேன். கிழங்கையும் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் மெத்தென்று அமுங்குகிறது. நீ இருந்தால் பார்த்துச் சொல்வாய். நீ இருந்தால் இது நடந்தே இருக்காது.

வேறு என்ன எழுத என்கிறார் ராத்தா. கத்தியைக் கழுவி எறவாணத்தில் செருகிவிட்டேன். கையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் சும்மா கிடக்கும்போதும் இரண்டு விரல் ஒரு தண்டைப் பிடித்தமாதிரிக் கூடி நிற்கின்றன, நீ சொல்லட்டும் என்று.