மாடிப்படியில் விழுந்தவர்கள்

புவனோஸ் அயர்ஸ்

அம்மா, முதலில் உங்கள் ஆசி வேண்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோகா இலை வைத்துக் கட்டுகிறீர்களா?

கவலைப்படாமல் படியுங்கள். எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. உங்களிடம் வளரும் என் மகள் ஒருத்தியே போதும், இன்னொன்று வேண்டாம் என்று முடிவுசெய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் பெயரைத்தான் கேட்டாள். நானோ பதற்றத்தில், "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று உளறிவிட்டேன். திருட்டுத்தனமாகக் கருவைக் கலைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, போலீசுக்குப் பயந்து நம் ஊர்ப் பெண்கள் வழக்கமாகச் சொல்வதுதானே.

அவள் சிரித்துவிட்டாள். "ஜுஜுய்க்காரியா நீ? அங்கேருந்து வர்றவங்க எல்லாரும் படியிலதான் விழறாங்க. இப்போ அதை அனுமதிச்சு சட்டம் வந்தாச்சு கண்ணு. வேணாம்னா வேணாம்னு சொல்லு, அது போதும்."

சொன்னேன். மாத்திரை கொடுத்தார்கள். யாரும் திட்டவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன்.

உங்கள் பழைய கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. நான் சிறுமியாக இருந்தபோது நீங்களும் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நம் வீட்டில் மாடியே இல்லையே, அம்மா.

சுல்மா